பேர் தெரியாத ஒருவருக்கு மோகன் கொடுத்தது

என் செல்லக் கோமளா,

நம் அத்தை மகன், உன் மோகன் பாவாவின் ஸ்டெம் செல் ஒருவருக்குப் பொருந்திவிட்டது. கொடுத்தும் வந்துவிட்டான். நீ இருந்திருந்தால் அவனே போனில் கத்திச் சொல்லியிருப்பான். இப்போது அக்கா எழுதுகிறேன்.

அம்மையார்குப்பத்தில் நீ பேசிய மத்தியானம் நினைவிருக்கிறதா? மொட்டைத் தலையில் துணி, முகத்தில் மாஸ்க். விசைத்தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, நம் வீட்டில் பேசுவதுபோலத் தெலுங்கும் தமிழுமாகப் பேசினாய். உன் ரத்தப் புற்றுநோய்க்கு வேறொருவர் ஸ்டெம் செல் தரவேண்டும். கூடப்பிறந்த என்னுடையதே பொருந்தவில்லை. நம்மைப் போன்ற சனத்தில்தான் பொருந்த வாய்ப்பு அதிகம். ஆனால் கொடையாளராகப் பதிவு செய்தவர்களில் நம் ஆட்கள் அபூர்வம் என்று சொன்னாய்.

"எனக்குக் கிடைக்கலன்னாலும் பரவால்ல. நம்மள மாதிரி வேற யாருக்காவது ஆவும்" என்றாய். அன்று கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி, பரிசோதனைக்குக் கொடுத்துப் பதிவு செய்தவர்களில் மோகனும் ஒருவன். உனக்கு யாருமே பொருந்தவில்லை.

மோகனுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான், யாருக்கோ பொருந்துகிறது என்று அந்த அழைப்பு வந்தது. அத்தை அழுதுகொண்டே திருத்தணிக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். "கல்யாணத்த வச்சுகினு எலும்புல ஊசி குத்திக்கப் போறானாம். நாளைக்கு இடுப்பு போச்சுன்னா யாருடி பாக்கறது? நீ சொன்னா கேப்பான், வேணாம்னு சொல்லு."

வேண்டாம் என்று என் வாயால் எப்படி வரும், கோமளா?

"எலும்புல இல்லம்மா, கையிலதான். ரத்தம் எடுக்கற மாதிரி" என்று மோகன் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அதற்குள் விஷயம் நகரியில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா போன் செய்து, "பையனுக்கு இன்னா வியாதி? கல்யாணத்தத் தள்ளி வெச்சிக்கலாம்" என்றார். அத்தை சாப்பாட்டையே நிறுத்திவிட்டார்.

மோகன் பெண்ணின் அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னான். "எனக்கு வியாதி இல்ல மாமா. வியாதி வேற ஒருத்தருக்கு. நீங்களே வந்து பாருங்க."

நான் மோகனுடன் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனேன்; அவரும் வந்தார். ரத்தத்தில் செல்லைப் பெருக்க முந்தைய நாட்களில் போட்ட ஊசியால் மோகனுக்கு உடம்பு வலி, லேசான ஜுரம். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், செல்லைப் பிரித்துக்கொண்டு மறு கை வழியாகத் திரும்பி வந்தது. அவன் படுத்தபடி சினிமா பார்த்தான். மாமனார் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "இதுக்காம்மா இம்மாம் கலாட்டா பண்ணோம்?" என்றார். பிறகு, தானும் கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டார். வயதாகிவிட்டது என்றதும் அவருக்கு வருத்தம்தான்.

கல்யாணம் குறித்த தேதியிலேயே நடந்தது. அத்தை இப்போதும் தினமும் அவன் இடுப்பைப் பற்றி விசாரிக்கிறார்.

யாருக்குப் போனது என்று சொல்லமாட்டார்களாம். அவர் பிழைத்தாரா? தெரியவில்லை. உனக்கும் இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

என் பெயரும் பதிவில் இருக்கிறது. ஒருநாள் எனக்கும் அழைப்பு வரலாம். வந்தால், வீட்டில் யாரையும் கேட்காமல், "வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பேன்.

உனக்குப் பொருந்தாமல் போன, உன் கூடப்பிறந்த அக்கா,
விமலா