அஸருக்கு எழுந்து போனவர்

6 ஜூன் 2023, ஷார்ஜா
ஐரோப்பிய ஆணையத்தின் நோட்டீஸ் வந்துவிட்டது. நாலு கேபிள் கம்பெனிகள் கூடி, அங்கே விற்கும் விலையை முன்கூட்டியே பேசி வைத்தோமாம். பேசத்தான் செய்தோம். தொழில்பேட்டை ஓட்டலில், எங்கள் சார்பில் கபீர் பாயும் நானும். அனுப்பியது மேனேஜர் விமல்.

9 ஜூன்
வக்கீலம்மா வீடியோவில் பாடம் நடத்தினார். நிரூபிப்பது ஆணையத்தின் வேலை. சந்தேகம் இருந்தால் பலன் கம்பெனிக்கு. ஆனால் கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடந்தை. “எங்களுக்கு வேண்டாம்” என்று எல்லார் காதிலும் விழச் சொல்லியிருக்க வேண்டும்.
விமல் துள்ளிக் குதித்தார். “கபீர் பாதியில எழுந்து போனார்ல!”
போனார். அஸர் தொழுகைக்கு.

12 ஜூன்
“தொழப் போனத வச்சுப் பொய் சொல்லச் சொல்றியளா?” கபீர் பாய் மறுத்துவிட்டார். பெரிய உத்தமர்! கூட்டத்துக்கு வரும்போது எங்கே போயிருந்ததாம் இந்த ஈமான், இந்த இறைநம்பிக்கை?

15 ஜூன்
இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஐரோப்பாவுக்குப் போகும் தாளில், கபீர் பாய் “எங்களுக்கு வேண்டாம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். மறுத்த பாய் மேல் கம்பெனி வைக்கும் விசாரணைக்கான தாளில், அவரே கம்பெனிக்குத் தெரியாமல், என்னிடமும் பொய் சொல்லிக் கூட்டிப்போய், ரகசியமாக விலை பேசினார். இரண்டுக்கும் சாட்சி நான்.
“ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே சார்?”
“அது இங்க வராது, இது அங்க போகாது,” என்றார் விமல்.
கம்பெனியில் சொல்லி எனக்கு விசா வாங்கித் தந்தவர் கபீர் பாய். அதையும் எழுதி வைக்கிறேன் — வேறு எந்தத் தாளில் எழுத?

18 ஜூன்
விசாரணை பத்தே நிமிடம்.
“ப்ரூஃப் என்ன இருக்கு?” என்று கேட்டார் பாய்.
விமல் சிரித்தார். “சந்தேகம் இருக்கு பாய். இங்க அது போதும்.”
“மணி, நீ சொல்லு,” என்று பாய் என் பக்கம் திரும்பினார்.
நான் ஏசி ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

20 ஜூன்
பாயின் விசா கேன்சல். மகள் ஹஃபீஸாவுக்குப் பிளஸ் டூ பாதியில் நிற்கிறது. அவர் மனைவி ஜொஹரா மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

3 பிப்ரவரி 2025
ஆணையம் எங்கள் கம்பெனியை விட்டுவிட்டது. கூட்டத்தில் ஒருவர் மறுத்து வெளியேறியதாகச் சாட்சி இருப்பதால், சந்தேகம் தீரவில்லையாம். ஆபீஸில் கேக் வெட்டினோம். நான் இரண்டு துண்டு தின்றேன்.

11 பிப்ரவரி
கபீர் பாயின் நாற்காலி இப்போது எனக்கு. நாளை மூன்று மணிக்கு அதே ஓட்டல், அதே நாலு கம்பெனி. “பாலாவையும் கூட்டிட்டுப் போ. நான் அனுப்பினதா எங்கயும் எழுதாத,” என்றார் விமல்.
பாலா, நான் விசா வாங்கிக் கொடுத்தவன்.
நடுவில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும். எழுந்து போக எனக்கு ஒரு காரணமும் இல்லை.