டிரம்முக்குள் கிடந்த கூறைப்பட்டு

மட்டாஞ்சேரி
5 நவம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். நீ நலமா? தேவராவில் உன் தங்கை சங்கரி வீட்டில் எல்லோரும் நலமா? அவளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே கீழே இஞ்சி கிடங்கில் புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது. மாடிப்படி முழுக்க அந்த வாசனைதான்.

நேற்று உன்னைப் போனில் பிடித்தேன். "ஹெட்போன காதுல வச்சிக்கிட்டு ம், ம்னு சொல்லுத ஆளுகிட்ட எனக்குப் பேச்சு இல்ல. சொல்ல வேண்டியத எழுதி ஷிபு அண்ணன்கிட்ட குடுங்க" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரித்துக்கொள். நம் பக்கத்து வீட்டு ஷிபு சேட்டன் ஆட்டோவில் தேவரா சவாரி வரும்போது இதைத் தருவார்.

உன் கூறைப்பட்டை நான் திருடவில்லை, செல்வி. கோயம்புத்தூர் மியூசிக் டைரக்டர் வெங்கிடாசலம் சார், நான் காலால் மிதிக்கிற பாஸ் டிரம்மைக் கேட்டுவிட்டு, "கும்முனு இழுக்குது தம்பி, உள்ளாற துணி ஏதாச்சும் வையுங்க" என்றார். தலையணையை வைத்துப் பார்த்தேன், சத்தம் செத்துப்போனது. பீரோவில் கைக்குக் கனமாக அகப்பட்டது உன் பட்டு. அதை வைத்து மிதித்ததும் சத்தம் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மறுநாள் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன். நீ பீரோவைக் குடைந்து அழுதபோதும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

இப்போது ஒரு சங்கடம். அவர் கேட்ட குரூவ்களில் பாதி முடிந்திருக்கிறது. அந்தத் தாளத் துண்டுகளை அவர் ஒன்றோடொன்று ஒட்டித்தான் பாட்டுக்குப் போடுவார். எல்லாம் ஒரே சத்தமாக இருக்க வேண்டும். பட்டை இப்போது உருவினால் பாதி ஒரு மாதிரி, பாதி வேறு மாதிரி ஆகிவிடும். மாதக் கடைசிவரை இருக்கட்டுமே. சங்கரி வளைகாப்புக்கு அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொள். உனக்கு அதுதான் எடுப்பாக இருக்கும்.

உன் அன்பு அத்தான்,
இசக்கிராஜா


தேவரா
6 நவம்பர்

இசக்கிராஜா அவர்களுக்கு,

பச்சைப் புடவை எடுப்பாக இருக்கும் என்று எழுதினீர்களே, அந்தப் புடவையை என்றைக்காவது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் கரை மட்டும்தான் பச்சை.

பட்டு காணாமல்போன அன்று நான் எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? கடைசியில் பக்கத்து வீட்டு மஞ்சுஷா சேச்சியிடம் போய், "ஓணத்துக்கு என் சேலை வாங்கிட்டுப் போனீங்கல்ல, அதோட என் பட்டும் தப்பா வந்துருச்சா" என்று கேட்டேன். அவர் உள்ளே போய் தன் பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக் காட்டினார். எனக்கு உயிர் போய்விட்டது. அப்போது நீங்கள் நம் வாசலில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தீர்கள். மறுநாள் வீடு துடைக்கும்போது டிரம்மில் மைக் வைக்கிற ஓட்டை வழியாக என் சரிகை தெரிகிறது. இனி அந்த மனுஷி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரெக்கார்டிங் என்றால் நான் ஃபேனை அணைக்க வேண்டும், குக்கரை இறக்க வேண்டும், தையல் மெஷினை நிறுத்த வேண்டும், இருமல் வந்தால் வாயில் துணியை அடைக்க வேண்டும். நீங்கள் மிதித்தால் தாளம், நான் மிதித்தால் சத்தம். அந்த வீட்டில் பாய், போர்வை, பட்டு எல்லாவற்றுக்கும் உங்கள் வாசிப்பில் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு மட்டும் வாயை மூடுகிற வேலை.

கேட்டிருந்தால் நானே மடித்துக் கொடுத்திருப்பேன்.

பாண்டிச்செல்வி


மட்டாஞ்சேரி
9 நவம்பர்

அன்புள்ள செல்விக்கு,

பட்டை எடுத்துவிட்டேன். நிழலில் உலர்த்தி, நீ செய்கிற மாதிரி வெள்ளை வேட்டியில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டிரம் தோலை ஒட்டிக் கிடந்த இடத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது. என்ன செய்தும் போகவில்லை.

மஞ்சுஷா சேச்சி வீட்டுக்கும் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சாயா போட்டுக் கொடுத்தார். பிறகு, "அவ கேட்டதுக்கு எனக்கு வருத்தம் இல்லடா. பொருள் போனா யாரும் கேக்கும். நீ ஒண்ணும் மிண்டாம, வாய் தொறக்காம அங்கேயே நின்னியே, அதுதான் எனக்கு ஆறல" என்றார். எனக்கு ஞாபகமில்லை சேச்சி என்றேன். "பொண்டாட்டி அழறது காதுல விழுந்ததா இல்லையா, அதச் சொல்லு" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

நீ எப்போது வருகிறாய்?

இசக்கிராஜா


தேவரா
11 நவம்பர்

அத்தானுக்கு,

பட்டு வந்து சேர்ந்தது. சேச்சியிடம் போய்ச் சொன்னதற்கு நன்றி. அது உங்களுக்குக் கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஜங்ஷனில் அம்மிணி சேச்சியின் தையல் கடை இருக்கிறது. சங்கரிக்கு நான் தைத்த ரவிக்கையைப் பார்த்துவிட்டு, கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து கடைக்கு வரச் சொல்கிறார். சங்கரியும், "பிள்ளை பெறுற வரைக்கும் இங்கனயே இரேன்க்கா. பொறவு பாத்துக்கலாம்" என்கிறாள். நேற்று அந்தக் கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தைத்துப் பார்த்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இப்போது எழுத மனம் வரவில்லை. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

செல்வி


மட்டாஞ்சேரி
13 நவம்பர்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். அம்மிணி சேச்சி கடை உனக்குப் பிடித்திருந்தால் போ. அதை நான் மனதோடுதான் எழுதுகிறேன். நீ அங்கேயே தங்கிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதையும் மனதோடுதான் எழுதுகிறேன்.

பட்டு போனதால் குரூவ்களை முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். என் பழைய போர்வையை உள்ளே வைத்திருக்கிறேன். பட்டு மாதிரி வராது, ஆனால் மோசமில்லை. வெங்கிடாசலம் சாருக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டார். "வாசிப்பு பரவால்ல தம்பி. ஆனா ஒவ்வொரு பைலோட வாலுலயும் 'ஆச்சு, செல்வி'ன்னு ஒரு குரல் கேக்குது. யாருங்க அந்தச் செல்வி?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எடுத்துக் கேட்டால், அவர் சொன்னது சரிதான். வாசித்து முடித்ததும், நீ ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காக எப்போதும் சொல்வேனே, அதை ஆளில்லாத வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். நீ இருக்கும்போது உடனே சுவிட்ச் சத்தம் கேட்கும். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. வால்களை வெட்டி அவருக்கு மறுபடி அனுப்பிவிட்டேன். வெட்டாத ஒன்றை ஷிபு சேட்டன் போனில் போட்டிருக்கிறேன். நேரம் இருந்தால் கேள்.

நாளை வளைகாப்பு. நீ கூப்பிடவில்லை, நான் வரவில்லை. சங்கரிக்கு என் ஆசிகளைச் சொல்.

உன் அத்தான்


தேவரா
16 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. கூறைப்பட்டைத்தான் கட்டினேன். மடிப்பு போகவேயில்லை, முழங்காலுக்கு நேராக வட்டமாகத் தெரிந்தது. கேட்டவர்களிடமெல்லாம், எங்கள் வீட்டுக்காரர் டிரம்முக்குக் கட்டிவிட்டார் என்று சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வளைகாப்புக்கு வந்திருந்த மஞ்சுஷா சேச்சி அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சங்கரிக்குப் போட வைத்திருந்த வளையலில் இரண்டை எடுத்து என் கையிலும் போட்டுவிட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எல்லோரும் போனபிறகு ஷிபு அண்ணன் ஆட்டோவில் உட்கார்ந்து நீங்கள் அனுப்பியதைக் கேட்டேன். வாசிப்பு நன்றாக இருந்தது. முடிந்ததும், "ஆச்சு, செல்வி" என்றீர்கள். என் கை தானாக எழுந்து ஆட்டோவில் சுவிட்சைத் தேடியது. ஷிபு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். நாளை கார்த்திகை ஒன்று. அம்மிணி சேச்சி கடைக்குப் போகிறேன், அதை விடமாட்டேன். பகல் முழுக்க நான் இங்கே மிதிக்கிறேன், நீங்கள் அங்கே மிதியுங்கள். கடை முடிந்ததும் பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வருவேன்.

நான் படியேறி வரும்போது நீங்கள் எந்தக் குரூவில் இருந்தாலும் சரி. வாசலில் நின்று, "ஆச்சு, அத்தான்" என்று சொல்வேன். அது காதில் விழ வேண்டும். எழுந்துபோய் ஃபேனைப் போடுங்கள்.

அன்புடன்,
செல்வி