இரண்டு ஜாடிகளும் ஒரு ரப்பர் பல்லியும்

மே 6

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் ஜாடிக்குள் இருக்கும் உங்கள் கோடிக்கணக்கான பிள்ளைகளும் நலமா?

ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டியதற்கு நன்றி. மூடிக்கிடக்கும் துணி ஆலை நிலத்தடி நீரில் விட்டுப்போன ரசாயனம் எத்தனை வருடமானாலும் அழியாதாம், மரபணு மாற்றிய உங்கள் பாக்டீரியா அதைத் தின்னுமாம். என் கணக்குப் புத்தகத்தைத் தின்ன ஒன்றை வளர்த்துக் கொடுங்கள், கோடி புண்ணியம்.

உங்கள் உதவியாளர் ஸ்டிக்கர் அக்காவுக்கு என் வணக்கம். தம்ளருக்கே பெயரும் தேதியும் ஒட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அங்கே ஒரு விளையாட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கண்டுபிடித்தால் நீங்கள் கெட்டி.

உங்கள்
வாலு

ஜூன் 20

அன்புள்ள வாலுக்கு,

கண்டுபிடித்தாயிற்று. மேலங்கிப் பைக்குள் ரப்பர் பல்லி. அலறிய அலறலில் பக்கத்து அறையே ஓடி வந்தது.

சிரிக்கத்தான் முடியவில்லை. மேசையில் இரண்டு ஜாடிகள் பார்த்தாயே, ஒன்றில் உயிருள்ள பாக்டீரியா, மற்றதில் ஒப்பிட்டுப் பார்க்கச் சாகடித்துப் போட்டது. உயிருள்ளது ஒன்றும் தின்னவில்லை. செத்தது என்று ஒட்டிய ஜாடியில் ரசாயனம் பாதியாகிவிட்டது. செத்தது எப்படித் தின்னும்? "நான் மாத்தி ஒட்டல மேடம்" என்று உன் ஸ்டிக்கர் அக்கா அழுதாள். இனி உன் கையை நம்ப முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்றே வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அவள் போகும் முன்பே, எதையும் நம்ப முடியாமல் இரண்டையும் கொதிக்கவைத்துக் கொட்டியிருந்தோம். ஆலைத் தெரு இன்னும் லாரித் தண்ணீருக்குத்தான் குடத்தோடு நிற்கிறது.

அன்புடன்
அத்தை

ஜூன் 28

அத்தைக்கு,

நாலு தாளைக் கிழித்துவிட்டேன். இதிலும் ஜோக் வந்தால் கிழிப்பேன்.

பல்லி இரண்டாவது விளையாட்டு. முதலாவது ஜாடிகளின் பெயர் ஸ்டிக்கர்கள். கண்ணைக் கட்டினாலும் என் பிள்ளைகளை அடையாளம் சொல்வேன் என்று பெருமையடித்தீர்களே, நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் இரண்டையும் உரித்து மாற்றி ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன்.

அந்த அக்காவின் கையில் தப்பில்லை. உங்கள் பாக்டீரியா தின்றிருக்கிறது அத்தை. தின்றதைத்தான் கொட்டிவிட்டீர்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்று. உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. பல்லியோடு போகட்டும் என்று இருந்தேன். கண்ணாடி பார்க்கவே கூசுகிறது. என்ன தண்டனை என்று எழுதுங்கள்.

வாலு என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

ஜூலை 5

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டிக்கர் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"ஃப்ரீசர்ல மூணாவது தட்டு மேடம். கொட்டறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் கொஞ்சம் எடுத்து வச்சேன்."

எதைக் கொட்டினாலும் ஒரு துளி எடுத்துவைப்பது அவள் பழக்கம். எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். ஆய்வகத்துக்குத் திரும்பிப் பார்த்தபோது, சொன்ன தட்டில் மாதிரிக் குழாய் இருந்தது. அவள் கையெழுத்தில் "செத்தது", பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ரசாயனம் கலந்த புது நீரில் விட்டோம். மூன்றாம் நாள் கலங்கத் தொடங்கியது. உயிரோடுதான் இருக்கிறது.

அன்று அவள் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டு, திரும்பி வா என்றேன்.

"உங்க வாலு எழுதினதும் நம்பிட்டீங்க. நான் சொன்னப்ப நம்பலையே மேடம்."

தண்டனை கேட்டாய். என் தண்டனையே என்னவென்று தெரியாதபோது உனக்கு என்ன எழுத?

உன் கடிதத்தை அவள் திருப்பித் தரவில்லை. மடித்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அத்தை