அப்பாவின் கல்வெட்டில் ஒரு வரி

நவம்பர் 18, செவ்வாய்

காலை வகுப்பில், ரோம் எரிந்தபோது பாடிக்கொண்டிருந்தான் என்று சொல்லப்படும் பேரரசனைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நமக்குக் கிடைத்திருக்கும் வரலாறுகள் எல்லாம் அவன் இறந்தபின் எழுதப்பட்டவை. "உயிரோடு இருந்தபோது ஏன் ஒருவரும் எழுதவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். பயம் என்றேன்.

அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் நினைவில் கொடுக்கும் கல்வெட்டு, அவர் வாழ்க்கையைச் சொல்லும் அந்தச் சிறு புத்தகம், நாளை அச்சுக்குப் போகவேண்டும். ஸ்தவாங்கர் நகரிலிருந்து தம்பி எழுதி அனுப்பியதில் அப்பா "அன்பே உருவானவர்". எனக்குக் கோபம் வந்தது. அதற்குக் கீழே, "குடித்தால் அம்மாவை அடிப்பார்" என்று சேர்த்தேன். மாலையில் எல்லிங்ஸ்ருட்டில் உள்ள அம்மாவின் வீட்டுக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா என் வரியில் விரலை வைத்தார்.

"அதை எடுத்துவிடு, பிள்ளை."

"பொய்யோ அம்மா?"

"பொய்யெண்டு ஆர் சொன்னது? அடி வாங்கினது நான். எழுதுறதெண்டாலும் நான்தான் எழுதவேணும். அவர் இருக்கேக்கை நீயும் ஒண்டும் கதைக்கேல்லைத்தானே."

முகம் எரிந்தது. பதினைந்து வயதில் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு காதைப் பொத்தியவள் நான்.

அம்மா பேனாவை வாங்கினார். தம்பியின் வரியையும் என் வரியையும் வெட்டினார். கீழே மெதுவாக எழுதினார்: "இவருடன் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன்."

"இது போதுமோ அம்மா?"

"ஓம். தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும்."

அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். அவன் வாசித்துவிட்டான். நாளை இதுவே அச்சுக்குப் போகும்.