பதினெட்டு டி-சட்டைகளும் ஒரே இலையும்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஏ.சி. கெட்டு இன்றோடு மூன்று நாள்.

வாங்க வேண்டியது: கறுப்பு மை, பிலிம் ஒரு ரோல், இவருக்கு இருமல் மருந்து, பூனைக்குத் தீனி.

கான்டீனில் ஜோசி விஷயத்தைச் சொன்னாள். ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த செவ்வாய் மணிலாவுக்கு விமானம். திரும்பி வரப்போவதில்லை. ஆறு வருடம் ஒரே லைன், ஒரே மேசை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் தேதியை இரண்டு தடவை கேட்டேன்.

ஞாயிறு அவர்கள் ஊர்க் கூட்டம் கரங்கான் பக்கம் ஆற்றோரத்தில் விருந்து வைக்கிறது. அதற்குப் பதினெட்டு டி-சட்டை நான் அடித்துத் தர வேண்டும். நான் வீட்டில் பிரிண்டிங் செய்வது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். இங்கே நம் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

“சிரிப்பு வரணும் ஆத்தே. ஆனா எங்க ஆளுங்க பாத்தாதான் வரணும். மத்தவங்க என்னாதுன்னு கேக்கணும்.”

ஆத்தே என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது சிரித்துவிட்டேன். இப்போது பழகிவிட்டது. லைனில் வேறு யாரும் என்னை அக்கா என்பதில்லை.

அவள் கேட்ட ஐந்து படம்:

1. ஐஸ்கிரீம் டப்பா. மூடியைத் திறந்தால் உள்ளே உறைந்த மீன், ஏமாந்த பிள்ளை முகம். (நம் வீட்டு டப்பாவில் நெத்திலி.)
2. அடோபோ, அவர்கள் ஊர்க் கோழிக் குழம்பு. வினிகர் பாட்டிலும் சோயா சாஸ் பாட்டிலும் குத்துச்சண்டை. நடுவர் கோழி.
3. குவிந்த உதடு, பக்கத்தில் சாலை வரைபடம். இவர்கள் வழி காட்டுவது விரலால் அல்ல, உதட்டால்.
4. ரைஸ் குக்கருக்கு முதுகில் சிவப்புத் துணி கட்டி, மேலே ‘லோடி’. ஐடல் என்பதை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்ட சொல்லாம். பெரிய ஆள் என்று அர்த்தம்.
5. வாழையிலைச் சாப்பாடு. எல்லோரும் கையால் சாப்பிடுவது. கீழே ‘காஇன் தாயோ’, வாங்க சாப்பிடலாம்.

“டப்பாவ நெஞ்சுல போட்டுக்கறதுல என்னடி பெருமை?” என்று கேட்டேன்.

“ஊர விட்டு வந்து பாருங்க. டப்பாகூட பெருமதான்.”

ஐந்தாவதுதான் எனக்கு ரொம்பச் சுலபம். வாழையிலையை எனக்கா சொல்லித் தர வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நல்ல வெயில். துவைத்த துணி பத்து மணிக்கே காய்ந்துவிட்டதாக இவர் போனில் சொன்னார். அவருக்கு இன்று லீவு.

இடைவேளையில் ஜோசிக்குப் படங்களைப் போனில் காட்டினேன். டப்பாவுக்கு அப்படிச் சிரித்தாள், பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். கோழி நடுவருக்கு விசில் வேண்டுமாம். உதட்டுக்கு இன்னும் கொஞ்சம் நீளம். குக்கருக்கு, “இவன்தான் லோடி.”

ஐந்தாவது வந்தது. சிரிப்பு நின்றது.

விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் வரைந்தது: ஒரு நீள மேசை, வரிசையாக ஆட்கள், ஆளுக்கொரு இலை. நுனி இடது பக்கம், ஒழுங்காக. இலைக்கும் இலைக்கும் நடுவில் இடைவெளி. நல்லதுக்கு அப்படித்தானே போடுவோம்.

“இவங்களுக்குள்ள யாருக்கு யாரோட சண்ட?” என்றாள்.

“சண்டையா? சாப்பிடறாங்க லா.”

“பின்ன ஏன் ஆளுக்கொரு வேலி?”

பிறகு சொன்னாள். மேசை முழுக்க இலையைச் சேர்த்துப் பரப்புவார்களாம். நடுவில் சோற்றை மலை மாதிரி கொட்டி, மேலே மீன், கோழி, இறால், மாங்காய். தட்டு கிடையாது, உன் பங்கு என் பங்கு கிடையாது. சுற்றி நின்று எல்லோரும் அதே சோற்றில் கை வைப்பது. ஒரே இலை, அதுதான் படம்.

என் முகம் சுளித்துவிட்டது. எச்சில் என்று மனசுக்குள் ஓடியது, அது மூக்கில் வந்து நின்றது. உதட்டாலேயே ஊருக்கு வழி சொல்கிறவள் அவள். ஒரு சுளிப்பு தெரியாதா?

போனைத் திருப்பிக் கொடுத்தாள். “பரவால்ல ஆத்தே. நாலு படம் போதும்.”

மதியம் தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. ஷிப்ட் முடியும்வரை விடவில்லை.

ஜோசி பேசினாள். வேலை சம்பந்தமாக மட்டும்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தினம் டப்பாவைத் திறந்ததும் ‘காஇன் தாயோ’ என்பாள். நாம் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறோம். முடிந்துவிட்டதா என்றுதான் கேட்கிறோம். அவள் வா என்கிறாள். நான் சொன்ன சாக்குகள்: இன்று வெள்ளி, சைவம். இன்று சஷ்டி. வயிறு சரியில்லை. பல் வலி. ஒரு தடவை அவளே கேலி செய்தாள், “உங்க வாரத்துல நாலு வெள்ளிக்கிழம வருது ஆத்தே.” தெரிந்தேதான் தினமும் கேட்டிருக்கிறாள்.

மாடு, பன்றி பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என்ன இருக்கிறது என்று அவள் ஒவ்வொரு நாளும் முன்கூட்டியே சொல்வாள். அவள் கை பட்டது என்பதுதான் விஷயம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பூனைத் தீனி மறந்துவிட்டேன். கதவருகே உட்கார்ந்து முறைக்கிறது.

நடந்ததை இவரிடம் சொன்னேன், ஞாயிறு விருந்துக்குப் போகலாமா என்றும் கேட்டேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “ஒனக்குப் புடிக்கலன்னா போவாத லா. அந்தப் பதினெட்டு பாஜுவையும் அடிச்சிக் குடு, போதும்” என்றார்.

“அலோர் ஸ்டார்ல ஒங்க அக்கா வீட்டு டம்ளர் ஞாபகம் இருக்கா?”

மடித்த செய்தித்தாளைத் திரும்ப மடித்தார். ஞாபகம் இருக்கிறது.

கல்யாணமான புதிது. இவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க கிளார்க். நான் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் மகள். அக்கா நல்லவர்தான், சிரித்துத்தான் பேசுவார். காப்பி மட்டும் எனக்கு விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளரில் வரும். மூன்றாவது தடவைதான் கவனித்தேன், ஒவ்வொரு தடவையும் அதே டம்ளர். கழுவித் தனியாக ஜன்னலில் கவிழ்த்து வைப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்னும் எரிகிறது. அதே நான், ஜோசியின் கரண்டியைப் பார்த்துப் பல் வலி என்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

“எனக்கு அப்ப சொல்லத் தெரியல மாலா,” என்றார் இவர். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது இவ்வளவுதான். எழுந்து போய்ப் பூனைக்குச் சோறு வைத்தார்.

சாயங்காலம் ஐந்தாவது படத்தைத் திரும்ப வரைந்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை ஒரே இலை. முகம் கிடையாது. கைகள் மட்டும், இரண்டு பக்கமும். பதினெட்டு. கண்ணாடி வளையல் போட்ட என் கையையும் சேர்க்கலாமா என்று ஆசை. வேண்டாம். அங்கே போய்க் கை வைக்காமல் படத்தில் மட்டும் வைப்பது நன்றாக இல்லை.

ஜோசிக்கு அனுப்பினேன். பதில்: ‘அழகு ஆத்தே. இதையும் போடுங்க.’ எப்போதும் பின்னால் வருகிற சிரிப்பு முகங்கள் இல்லை.

ஞாயிறு வரலாமா என்று கேட்டேன். ‘வாங்க’ என்று ஒரு சொல்.

ஆகஸ்ட் 9, சனி

ஹீட் பிரஸ் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வெளியிலும் வெயில்.

S 5, M 7, L 4, XL 2.

ஒரு M-இல் பிலிமை அவசரப்பட்டு உரித்துக் கோழியின் தலை போய்விட்டது. நல்லவேளை, கூடுதலாக ஒன்று இருந்தது. தலையில்லாத கோழியை இவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்து இவர் இலை வெட்டினார். பன்னிரண்டு முழு இலை. நானே துடைத்துச் சுருட்டி ஈரத்துணியில் வைத்தேன். மாடு, பன்றி சாப்பிடுவேனா என்று ஜோசி போன் செய்து கேட்டாள். மாடு மட்டும் வேண்டாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆற்றில் தண்ணீர் கலங்கல். மேலே எங்கோ மழை. இவர் கொண்டுபோய் விட்டுவிட்டு, கரங்கானில் டயர் மாற்ற வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

பதினெட்டு பேரும் உடனே டி-சட்டையை மாட்டிக்கொண்டார்கள். குக்கர் போட்டவரைச் சுற்றி நின்று எல்லோரும் லோடி, லோடி என்றார்கள். ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்து வயதில் பெரியவர் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அவர் ஊருக்குப் போகவில்லையாம். ஜோசி போட்டிருந்தது இலைப் படம்.

இரண்டு மேசையைச் சேர்த்து என் இலைகளைப் பரப்பினார்கள். இரண்டு அண்டாச் சோறு. அதன் மேல் மீன், கோழி, இறால், பச்சை மாங்காய், உப்பு முட்டை.

பதினோரு இலைதான் இருந்தது. எண்ணியது என் கெட்ட பழக்கம்.

பன்னிரண்டாவது தனியாக, ஓரத்தில், ஒரு சின்ன மேசையில். பக்கத்தில் ஒரு நாற்காலி. இலையில் சோறு, ஒரு முழு மீன், மாங்காய், இரண்டு இறால். தண்ணீர், கரண்டி. நுனி இடது பக்கம். நான் வரைந்தது போலவே.

“ஒங்களுக்கு ஆத்தே,” என்றாள் ஜோசி. “யாரும் கை வைக்கல. நான்கூட புதுக் கரண்டியாலதான் எடுத்து வச்சேன். மாடு இல்ல.” குத்திக் காட்டவில்லை. உண்மையான அக்கறை. வியர்த்து வழியும் முகத்தில் கொஞ்சம் பயம்கூட இருந்தது, எல்லாம் சரியாகச் செய்தோமா என்று.

அலோர் ஸ்டார் டம்ளர். அதே சூடு நெஞ்சில். இந்தத் தடவை நானே கேட்டு வாங்கியது.

உட்காரவில்லை. இலையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினேன். இறால் ஒன்று கீழே விழுந்தது. பெரிய மேசைக்குக் கொண்டுபோய், மீனோடு சோற்றோடு அவர்கள் சோற்றின் மேல் கவிழ்த்தேன். இலையை மடித்து ஓரத்தில் வைத்தேன். எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

ஜோசி என்னையே பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்துத் தன் வலது பக்கத்தைக் காட்டினாள். அங்கே இருந்தவர் நகர்ந்தார். போய் நின்றேன். “காஇன் தாயோ,” என்றேன் நான், முதல் தடவையாக. அவள் விரலால் கிள்ளி வைத்த மீனை எடுத்துச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.