தலைவர் போட்ட கையெழுத்து

அன்புத் தம்பி விர்ஜிலுக்கு,

அண்ணி ஆர்லீன் எழுதுவது. எல்லாரும் நலம் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. சோயா அறுவடை முடிந்தது, தெற்கு வயல் சுமார்தான். நான் பயந்துபோயிருக்கிறேன்.

சனிக்கிழமை நீ மதிப்புப் போட உட்காரும் சீடர் ராப்பிட்ஸ் பழைய பணநோட்டுக் கண்காட்சிக்கு உன் அண்ணன் வருகிறார். ஊர் வங்கிகளே நோட்டு வெளியிட்ட காலத்தில் உங்கள் தாத்தா தலைவராக இருந்த ஆல்டர்ஃபோர்க் வங்கியின் பத்து டாலர் நோட்டும் வருகிறது. அந்த வங்கி வெளியிட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று மதிப்புப் போட்டவனே நீதான். அதில் தாத்தா பேனாவால் போட்ட கையெழுத்து மங்கிப்போய், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இப்போது அந்த இடத்தில் ஒரு கையெழுத்து பளிச்சென்று தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை காப்பி கொண்டுபோனேன். நோட்டை உறையிலிருந்து எடுத்து, மைப்பேனாவால் அதன்மேல் எழுதிக்கொண்டிருந்தார். பழைய நோட்டு ஒன்றை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்தான் என்பதற்காக ஒரு சிநேகிதனோடு பேச்சையே நிறுத்திய மனிதர் இவர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "தலைவர் கையெழுத்து இல்லாம நோட்டு செல்லுமா? காசாளர் வெளியே காத்துக்கிட்டு இருக்காரு. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணாதே" என்றார். அவர் எழுதியது தாத்தா பெயர்கூட அல்ல, விர்ஜில். நார்பர்ட் டால்கே என்று தன் பெயரை எழுதியிருக்கிறார்.

மத்தியானம் அதையே எடுத்துக் காட்டி, "பாத்தியா, தாத்தா கையெழுத்து கொஞ்சம்கூட மங்கல" என்று பெருமைப்பட்டார். நோட்டை மாவு டப்பாவில் ஒளித்துவைத்தேன். திருடு போய்விட்டது என்று ஷெரிஃபைக் கூப்பிடப் போனார், கொடுத்துவிட்டேன். டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் எரிந்து விழுகிறார். கார் சாவியும் தர மாட்டேன் என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் வருகிறேன்.

அவர் நோட்டை மேசையில் வைத்ததும் நாலு பேர் சிரிப்பார்கள், ஒருவன் மோசடி என்பான். அதற்குள் நீ வாங்கிப் பையில் போட்டுக்கொள். அதன் மதிப்பு போனால் போகட்டும். திரும்பும்போது காரை நீயே ஓட்டி வா. சில நாள் எங்களோடு இரு.

இன்று காலை சமையலறையில் என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கம்மா. புதுக் கணக்குத் தொடங்க வந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். எங்களை விட்டுவிடாதே, தம்பி.

உன் அண்ணி,
ஆர்லீன்