மெயின் சுவிட்சில் கை வைத்துக் கேட்ட கிடார்

இன்று காலை மிக்சியிலிருந்து கரிந்த வாடை வந்தது. சமையற்கட்டில் நின்ற மருமகள் அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நான் பக்கத்தில் இல்லை. கூடத்தில் மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி நிற்கிறேன். "இன்னா அத்தை, மிக்சிக்குப் போயி வூட்டு கரண்டையே நிறுத்திட்டீங்க?" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? என்னங்க, உங்களிடம்தான் சொல்ல முடியும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் ஓட்டல் பேண்டுக்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறப் போகிறார் என்று கேள்விப்பட்டு, நம் கடைக்குச் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். சரக்கு வரவில்லை. பஸ் தலையில் கட்டி, செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கியது ஒரு பழைய பெடல் ஸ்டீல் கிடார். மடியில் வைத்து வாசிக்கிற கிடார்தான் அதுவரை உங்களிடம் இருந்தது. இது நாலு காலில் மேஜை மாதிரி நின்றது, அடியில் மிதிகட்டைகள். "தையல் மிஷினா மொதலாளி?" என்று கடைத்தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், விளக்கி மாளாமல் ஆமாம் என்றே சொல்லிவிட்டீர்கள்.

அதைப் பூட்டி முடிக்கும்வரை உங்களுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. துருவை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தீர்கள். கால்களைத் திருகினீர்கள். மிதிகட்டையையும் தந்தியையும் இணைக்கிற கம்பிகளை, அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டினீர்கள். கடைசியில் ஒரு தந்தியை மீட்டிக் கட்டையை மிதித்தபோது, ஒலி நின்ற இடத்திலிருந்தே நழுவி மேலே ஏறியது. "கேட்டியா? கேட்டியாடி?" என்று குழந்தை மாதிரி கத்தினீர்கள். நான் பார்த்ததெல்லாம் அதிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து சுவருக்கும் ஓடிய ஒயரைத்தான். நம் தெருவுக்குக் கரண்ட் வந்து அதிக நாளாகவில்லை. அரிசி மில்லில் ஈரக்கையோடு மோட்டாரைத் தொட்டவரை அதற்கு முந்தின மாதம்தான் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். "வாணாங்க, எனக்கு பயமா இருக்குது" என்றேன். "போடி பயந்தாங்கொள்ளி" என்றீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. உங்கள் அம்மா விடிந்ததுமே கூடத்தைக் கழுவிவிட்டார். தராசு, படிக்கல், சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர், கிடாருக்கும் பெட்டிக்கும் வைத்தார். பொரி படைத்து, கற்பூரம் காட்டி, "சாமிக்கு முன்னால ஒண்ணு வாசிடா" என்றார். பூஜை நேரத்தில், வீட்டுக்குள், யார்தான் செருப்புப் போடுவார்கள்? நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வெறுங்காலை ஈரத்தரையில் ஊன்றி, இன்னொன்றை மிதிகட்டையில் வைத்தீர்கள். தந்திமேல் இழைத்து வாசிக்கிற இரும்பு உருளையை இடது கையில் எடுத்துத் தந்திகள்மேல் வைத்தீர்கள்.

பாட்டு வரவில்லை. பெட்டி மட்டும் 'உம்ம்' என்று உறுமியது. உங்கள் கை தந்தியோடு இறுகி, உடம்பு உதறியது. வாய் திறந்திருந்தது, சத்தமில்லை. கரிந்த வாடை. "தொடாதடி!" என்று உங்கள் அம்மா அலறியது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் சுவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். பிடியை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியவில்லை. என் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினேன். அந்த நொடியில் தாலியைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. நீங்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று இன்னொரு தரம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கரண்ட் நின்றது. நீங்கள் சாய்ந்துகிடந்தீர்கள். முகத்தில் தண்ணீர் தெளிக்கக்கூடப் பயந்து முந்தானையால் விசிறினேன். கண்ணைத் திறந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "தந்தி இன்னா, அறுந்துபோச்சா?" வந்த அழுகையோடு உங்களை அடிக்கக் கை ஓங்கினேன்.

அதை விற்றுவிடுவீர்கள் என்று நம்பினேன். நீங்களா? மறுநாளே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தீர்கள். தெருவில் கால் படாத செருப்பு, கிடாருக்கு மட்டும். உங்கள் அம்மா முறைத்துப் பார்த்தார். பிறகு அதை மஞ்சள் தண்ணீரில் கழுவி, அதற்கும் ஒரு பொட்டு வைத்து, "இதப் போட்டுக்கினு எந்த எழவையாவது வாசி" என்றார். எனக்கு மெயின் சுவிட்சுக்குக் கீழே ஒரு முக்காலி. "நீ கை வச்சிருந்தாதான் எனக்கு தைரியம்" என்பீர்கள். கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரத்தில் நீங்கள் வாசிப்பீர்கள். நான் பிடியில் கை வைத்தபடி உங்கள் தோளையே பார்த்துக்கொண்டிருப்பேன், உதறுகிறதா என்று. எத்தனையோ வருஷம் அப்படிப் போனது. கடைசியில் உங்களைக் கொண்டுபோனது கரண்ட் இல்லை, தூக்கத்தில் நின்ற நெஞ்சு. அன்றைக்கு நான் பக்கத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் புதுச்சேரியிலிருந்து ஒருவர் கிடாரை விலைக்குக் கேட்டு வந்தார். நீங்கள் போன வயதில் முக்கால்வாசி இருக்கும். "பயப்படாதீங்கம்மா, இப்பதான் எர்த் கம்பி இருக்குதே, ஷாக் அடிக்காது" என்று சொல்லி உட்கார்ந்து வாசித்தார். எனக்குப் பயமே வரவில்லை. அதனால் பாட்டு காதில் விழுந்தது. இழைந்து இழைந்து போயிற்று. இப்படியா வாசித்தீர்கள் இத்தனை வருஷமும்? உங்கள் பாட்டில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லையே. உங்கள் தோள் மட்டும்தான் இருக்கிறது.

அவர் வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நன்றாக இருந்தது என்றேன். விற்பதாக இல்லை என்றும் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பாட்டு யார் வாசித்தாலும் வரும் போலிருக்கிறது. உங்களுக்காகப் பட்ட அந்தப் பயத்தைத்தான், தினமும் சாயங்காலமானால், என் கை தேடுகிறது.